நியாயம் இருக்கிறவள் முதலில் போக வேண்டும்

பாகலூர் சாலையை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் மாதேஸ்வரியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அதைவிடக் குறைவு. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், கேபிள் இழுக்க வந்தவர், தெருமுனையில் மாவு விற்கிறவர் என்று எல்லோரும் அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். ஆனால் அவள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் இந்த மூன்று பேரும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். அவள் கோபத்துக்கு ஆயுசு கம்மி என்பது ஊருக்கே தெரியும். பால் மாதிரி பொங்குவாள், அடுப்பை அணைத்ததும் அடங்கிவிடுவாள்.

அவள் கணவன் மணி இதற்கெல்லாம் கம்பெனியின் மேல்தான் பழியைப் போடுவான். சிப்காட்டில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற ஒரு கம்பெனியில் மாதேஸ்வரி இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறாள். வெள்ளை விளக்குக்குக் கீழே வளையத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். நல்லது வலது பக்கம், கெட்டது இடது பக்கம். ஓகே, ரிஜெக்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான். "வூட்டுக்கு வந்தாலும் அதே கண்ணுலதான் என்னையும் பாக்கறா. எந்தப் பக்கம் போட்டிருக்கான்னு மட்டும் இன்னும் சொல்லல" என்பான் மணி. அவன் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சாதுவான மனிதன். தன்னை வலது பக்கம்தான் போட்டிருக்கிறாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் பிறந்தது பாரூர் ஏரிப் பாசனத்தில், அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, அடுத்தவர் கரும்பை வெட்டிப் பிழைத்த ஒரு குடும்பத்தில். பத்தாவது முடித்த கையோடு கல்யாணம். ஓசூருக்கு வந்து காண்ட்ராக்டில் சேர்ந்தாள், பிறகு பர்மனென்ட் ஆனாள். இரண்டு அறைகளோடு சொந்த வீடு கட்டினார்கள். மகன் விமல்ராஜ் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். கேட்டால், "எனக்கு என்னாங்க கொறச்சல்" என்பாள். ஒப்புக்குச் சொல்கிற பேச்சில்லை அது. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறாள். இந்தக் காலத்தில் இப்படி நினைக்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த நிறைவில் பாதி பஜனை சபையிலிருந்து வந்தது. கம்பெனியில் சேர்ந்த புதிதில், வேலை முடிந்து வந்த பிறகும் மண்டைக்குள் ஓகே, ரிஜெக்ட் ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கினால் கனவில் வளையம் வரும். அப்போதுதான் அதே தெருவில் இருக்கிற சரோஜம்மாள் அவளை ராமர் கோயில் ஹாலுக்குக் கூட்டிப்போனாள். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் மட்டும் கூடிப் பாடுகிற சபை. முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. தமிழில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது மண்டைக்குள் சத்தம் இல்லை. அதற்காகவே மறு சனிக்கிழமையும் போனாள். சீக்கிரத்திலேயே ஜால்ரா அவள் கைக்கு வந்தது, சபையை நடத்துகிற பொறுப்பும் பின்னாலேயே வந்தது.

சபையில் எல்லோரும் ஒரே குருவிடம் உபதேசம் வாங்கியவர்கள். ஜவளகிரிப் பக்கம் காட்டோரத்தில் சின்ன மடம் வைத்திருக்கிற அந்த அம்மாளைக் குருவம்மா என்பார்கள். கம்பெனிக்குப் போகிறவர்கள், தையல்காரிகள், ரோஜாப்பூ வளர்க்கிற பாலிஹவுஸ் கூடாரத்தில் வேலை செய்கிறவர்கள், வீட்டோடு இருக்கிறவர்கள் என்று பலதரப்பட்ட பெண்கள். நாலு பாத்திரம் சேர்ந்தால் சத்தம் வரும் என்பது குருவம்மாவுக்குத் தெரியாதா. அதனால் மந்திரத்தோடு சேர்த்துச் சில நடைமுறைகளையும் சொல்லி வைத்திருந்தார்.

சபைக்குள் வயசு பார்க்காமல் ஒருவரை ஒருவர் "அம்மா" என்று பெயரோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும், "நீங்க" என்றுதான் பேச வேண்டும். மாமியாரும் மருமகளுமாக வந்தால்கூட அப்படித்தான். இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் வந்தால் அதை மூன்றாவது காதுக்குக் கொண்டுபோகக் கூடாது. தூது அனுப்பக் கூடாது, போனில் தீர்க்கக் கூடாது, வாட்ஸப்பில் கூடவே கூடாது. நேரில் போய் நமஸ்காரம் பண்ண வேண்டும். போகும்போது பூ, பழம் எதுவும் எடுத்துப் போகக் கூடாது, அது லஞ்சம் மாதிரி ஆகிவிடும். நமஸ்காரம் பண்ணும்போது நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஏனென்றால் காரணம் சொல்ல ஆரம்பித்தால் சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இதெல்லாம் சரி, யார் முதலில் போவது? இங்கேதான் குருவம்மா மற்றவர்கள் மாதிரி சொல்லவில்லை. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று யாருக்குத் தோன்றுகிறதோ, அவள்தான் முதலில் போக வேண்டும் என்றார். தப்பு செய்தவள் ஏற்கனவே உள்ளுக்குள் குனிந்துதான் இருப்பாள், அவளை இன்னும் எதற்குக் குனிய வைக்க வேண்டும், நியாயம் கையில் இருக்கிறவளுக்குக் குனிவது சுலபம் என்பது அவர் கணக்கு.

இந்த ஏற்பாடு பல வருஷம் நன்றாகவே ஓடியது. சண்டை போட்ட இரண்டு பேரில் ஒருத்திக்காவது நியாயம் தன் பக்கம் என்று தோன்றாமல் இருக்குமா? பெரும்பாலும் இரண்டு பேருக்கும் தோன்றும். ராமநவமிப் பானகத்தில் ஏலக்காய் அதிகம் என்று சரோஜம்மாளும் முத்துமணியும் முறைத்துக்கொண்டபோது, மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி நடுத்தெருவில் எதிரும் புதிருமாகச் சந்தித்து, அங்கேயே விழுந்து கும்பிட்டுக்கொண்டார்கள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

மாதேஸ்வரிக்கும் ரங்கம்மாவுக்கும் வந்தது அப்படித் தீரவில்லை.

ரங்கம்மா சானமாவு தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கிறவள். பாலிஹவுஸில் ரோஜா வெட்டுகிற வேலை. மாதேஸ்வரியைவிடக் கொஞ்சம் மூத்தவள். வீட்டில் கன்னடம், வேலையிடத்தில் தெலுங்கு, சபையில் தமிழ் என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவாள். அவள் மகள் சுமலதாவைக் கட்டிக்கொடுத்தது ஓசூரில், இதே குடியிருப்பில். சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, சபை முடிந்ததும் மகள் வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள். மாதேஸ்வரி எவ்வளவு வேகமோ ரங்கம்மா அவ்வளவு நிதானம். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் தோசை ஒன்று வார்த்து எடுத்துவிடலாம். ஆனாலும் சபையில் மாதேஸ்வரிக்கு அவள்தான் ஆத்ம சிநேகிதி. வருஷா வருஷம் சபையில் நடக்கிற சீதா கல்யாணத்தில் ரங்கம்மா பெண் வீட்டுச் சம்பந்தி, மாதேஸ்வரி மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி. ராமருக்கும் சீதைக்கும் மாலை மாற்றி வைத்து, இரண்டு பேரும் "உங்க வூட்டுல காப்பி சரியில்ல", "உங்க பையன் கருப்பு" என்று கேலி பேசிக்கொள்வதைப் பார்க்கவே கூட்டம் வரும்.

அந்தச் சனிக்கிழமை ரங்கம்மா ஒரு நீளமான கன்னடப் பாட்டை எடுத்தாள். சாப்பிட வராமல் ஒளிந்துகொண்ட கிருஷ்ணனை யசோதை ஒவ்வொரு பலகாரமாகச் சொல்லி அழைக்கிற பாட்டு. பலகாரம் நிறைய. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ரங்கம்மா ஆற அமர மூச்சு இழுத்தாள். வெளியே, தெருமுனையில், இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வந்த கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. சபையில் முத்துமணியும் இன்னும் சிலரும் அந்த வேனில் போக வேண்டியவர்கள். முத்துமணி மாதேஸ்வரியைப் பார்த்தாள். மறுபடியும் ஹாரன்.

ரங்கம்மா மூச்சு இழுத்தாள். அந்த இடைவெளியில் மாதேஸ்வரி ஜால்ராவைத் தட்டி, "சர்வத்ர கோவிந்த நாம சங்கீர்த்தனம்" என்று குரல் கொடுத்தாள்.

பஜனையில் ஒரு பாட்டு முடிந்ததற்கு அடையாளம் அந்தக் குரல்தான். அதைக் கேட்டால் நாக்கு தானாகப் புரளும். ஹால் முழுக்க "கோவிந்தா கோவிந்தா" என்றது. சொன்ன பிறகுதான் பலருக்கும் உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். கோவிந்த நாமம் சொல்லி முடித்த பாட்டை மறுபடி எடுக்கிற வழக்கம் இல்லை. அதிலும் பாக்கி நின்றது கடைசி அடி. கன்னடத்து ஹரிதாசர்கள் பாடிய பாட்டில் கடைசி அடியில்தான் பாடியவர் தன் சாமியின் பெயரை முத்திரையாக வைத்திருப்பார். அங்கிதம் என்பார்கள். அது வராமல் பாட்டை நிறுத்துவது சாமிக்குப் போட்ட இலையைப் பாதியில் எடுப்பது மாதிரி.

ரங்கம்மா திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டாள். மங்களம் பாடும்போது உதடு அசையவில்லை. மங்களம் முடிந்ததும் எல்லோரும் எல்லோருக்கும் நமஸ்காரம் பண்ணிக்கொள்வது சபை வழக்கம். மாதேஸ்வரி திரும்பிப் பார்த்தபோது ரங்கம்மா உட்கார்ந்திருந்த பாய் காலியாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மாதேஸ்வரிக்கு நியாயம் தன் பக்கம்தான் என்று தோன்றியது. வேனை விட்டால் முத்துமணிக்கு வேலை என்ன ஆவது? நீளப் பாட்டை எடுக்க வேறு நாள் இல்லையா? அன்றைக்கே, அந்தச் சூட்டோடு, சுமலதா வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் காலையில் போய்க்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். அவள் கோபத்துக்குத்தான் ஆயுசு கம்மி என்று சொன்னேனே. விடிவதற்குள் அது ஆறிப்போய்விட்டது. ஆறியதும் உண்மை தெரிந்தது. ஹாரன் அடித்தது ஒரு சாக்கு. ரங்கம்மா மூச்சு இழுப்பதற்கும் பாட்டு முடிவதற்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? தெரிந்துதான் சொன்னாள். பொறுமை போய்விட்டது, வெட்டிவிட்டாள். தப்பு முழுக்க முழுக்கத் தன்னுடையது என்று காப்பி குடிப்பதற்குள் முடிவாகிவிட்டது.

அங்கேதான் சிக்கல். தப்பு தன் மேல் என்றால், நியாயம் ரங்கம்மா பக்கம். நியாயம் இருக்கிறவள்தான் முதலில் வர வேண்டும். தான் போனால், "நியாயம் என் பக்கம்" என்று தண்டோரா போடுகிற மாதிரி ஆகிவிடும். தப்பையும் செய்துவிட்டு அந்தத் திமிரும் வேண்டுமா? ஆகவே அடக்கமாக வீட்டில் உட்கார்ந்து ரங்கம்மாவுக்காகக் காத்திருந்தாள். ரங்கம்மா மகள் வீட்டிலிருந்து நேராக பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ரங்கம்மா வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. தெருவில் பார்த்த சுமலதா, "அம்மாவுக்கு வேலைங்க, மாதேஸ்வரியம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். சபையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்க முடியாது. மூன்றாவது காது கூடாது என்றால் மூன்றாவது வாய் மட்டும் எப்படிக் கூடும்? எல்லோரும் மாதேஸ்வரியின் முகத்தையும் காலியாக விட்டுவைத்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாடினார்கள்.

சீதா கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனஸ்தாபம் தீராதவர்கள் மாலை மாற்றும் இடத்தில் நிற்கக் கூடாது என்பதும் சபை நடைமுறைதான். இரண்டு சம்பந்திகளும் இல்லாமல் கல்யாணம் எப்படி? அதையாவது வேறு ஆள் வைத்துச் சமாளித்துவிடலாம். ரங்கம்மா ஒரேயடியாக சபையை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? மாதேஸ்வரிக்குப் பாடிவிட்டு வந்தாலும் மண்டைக்குள் பழையபடி ஓகே, ரிஜெக்ட் ஓட ஆரம்பித்திருந்தது. மணிக்குப் பயமாகிவிட்டது. "அந்தம்மாவப் போயிப் பாத்துட்டு வாயேன்" என்றான்.

"உனுக்கு எங்க ரூல்சு தெரியாது. சும்மா இரு" என்றாள்.

கடைசியில் கம்பெனி கேன்டீனில் கிருபாராணியிடம் கொட்டிவிட்டாள். கிருபாராணி பக்கத்து மேஜையில் வளையம் பார்க்கிறவள், சர்ச் கொயரில் பாடுகிறவள். மூன்றாவது காது என்று குருவம்மா சொன்னது சபைக்காரர்கள் காதைத்தான், வேதக்காரர்கள் காது அதில் சேராது என்று மாதேஸ்வரி தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

கிருபாராணி சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே முழுக்கக் கேட்டாள். "எங்க ஆளுங்களா இருந்தா இந்நேரம் தனிச் சபையே ஆரம்பிச்சிருப்பாங்க. நீங்க பரவால்ல" என்றாள். பிறகு, "தப்பு உன் மேலதான்னு நல்லாத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்டி. அதனாலதான் போவ முடியாம ஒக்காந்துனு இருக்கன்."

"அப்ப ஒண்ணு பண்ணு. ஒரு அரை நாளைக்கு நியாயம் உன் பக்கம்னு நெனச்சுக்க. நெனச்சுக்கினு போயிட்டு வந்துடு. வந்தப்பறம் மறுபடியும் தப்பு உன் மேலன்னு வச்சுக்க."

மாதேஸ்வரிக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. இப்படிப்பட்ட யோசனைகள் கேன்டீனில் கேட்கும்போது அருமையாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையை வீசிக்கொண்டு கிளம்பினாள். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அவளுக்குச் செருப்பில்லாமல் நடப்பது மாதிரி இருந்தது. பூக்கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராயக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வேலையை ஆரம்பித்தாள். வேன் ஹாரனை நினைத்துக்கொண்டாள். முத்துமணியின் முகத்தை நினைத்துக்கொண்டாள். எத்தனை பலகாரம், எத்தனை மூச்சு, ஒரு மனுஷிக்கு நேரங்காலம் தெரிய வேண்டாமா என்று தனக்குத் தானே ஏற்றிவிட்டுக்கொண்டாள். டவுன் தாண்டுவதற்குள் கோபம் நன்றாகவே வந்துவிட்டது. இந்தச் சூட்டோடு போய் விழுந்து எழுந்தால் எல்லாம் நடைமுறைப்படிதான்.

சானமாவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது, வனத்துறைக்காரர்கள் கையைக் காட்டும்வரை நகரக் கூடாது என்றார் டிரைவர். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் டீ சாப்பிட்டார். ஆட்கள் கதை பேசினார்கள். ஒருத்தர் தூங்கிவிட்டார். யானைகள் அவற்றின் சௌகரியம்போல் கடந்தன.

அதற்குள் மாதேஸ்வரியின் கோபம் செத்துவிட்டது. ஊதி ஊதிப் பார்த்தாள், பற்றவில்லை. மறுபடியும் அதே உண்மைதான் மிஞ்சியது. தப்பு தன்னுடையது. நியாயம் இல்லாதவளாக அந்த வாசலில் எப்படிப் போய் நிற்பது? ரங்கம்மா என்ன நினைப்பாள்? "பாட்டையும் வெட்டிட்டு, நாயம் தன் பக்கம்னு சொல்லவும் வந்துட்டா பாரு" என்றுதானே நினைப்பாள். இல்லை என்று விளக்கவும் முடியாது, காரணம் பேசக் கூடாது. எதிர்ப்பக்கம் ஓசூர் போகிற பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. இறங்கி அதில் ஏறிவிடலாமா என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேவிட்டாள்.

எழுந்தவளுக்கு ஒன்று சுருக்கென்று தைத்தது. இத்தனை வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தது அடக்கத்தினால் இல்லை. ரங்கம்மா தன்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடுவாளே என்ற பயத்தினால். அந்தப் பயத்துக்கு அடக்கம் என்று பெயர் வைத்து, குருவம்மாவின் பேச்சையும் அதற்குத் துணைக்கு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று மறுபடியும் உட்கார்ந்தாள். வனத்துறைக்காரர் கையைக் காட்டினார். பஸ் கிளம்பியது.

ரங்கம்மாவின் கணவர் திம்மப்பன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "பன்னிம்மா, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்றபடி எழுந்தார். சத்தம் கேட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து ரங்கம்மா வெளியே வந்தாள். கையில் சாணி. மாதேஸ்வரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

மாதேஸ்வரி வாசலிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். எழுந்திருக்கத் தலையைத் தூக்கினால், எதிரே ரங்கம்மாவும் சாணிக் கையோடு தரையில் விழுந்து கிடந்தாள். திம்மப்பனுக்கு இந்த நடைமுறையெல்லாம் தெரியாது. இரண்டு பேருக்கும் தலை சுற்றிவிட்டதோ என்று பயந்து தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார்.

அதற்கப்புறம் ரங்கம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டாள். இன்னும் சாப்பிடவில்லை. தட்டில் சுடச்சுடக் களியைப் போட்டு அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள். மாதேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். நடந்ததைப் பேசக் கூடாது. பேசாமல் இருக்கவும் முடியவில்லை.  இவள் என்னைப் பற்றி இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

ரங்கம்மா எதிரே உட்கார்ந்து, வழக்கம்போல் நிதானமாக ஆரம்பித்தாள்.

"நானு ரெண்டு தபா கெளம்பிட்டன், மாதேஸ்வரியம்மா. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டன். திரும்பிட்டன்."

"ஏம்மா?"

"நானு வந்தா, நாயம் என் பக்கம்னு சொல்றாப்பல ஆவுதே. வேன் நிக்குது, ஹாரன் அடிக்குது, எனக்குக் காது கேக்கலியா? அந்தப் பொண்ணுங்க வேலைக்குப் போவணும்னு தெரிஞ்சுதானே அம்மாம் பெரிய பாட்ட எடுத்தன். தப்பு என் மேல வச்சுக்கினு எந்த மூஞ்சியோட உங்க வூட்டுக்கு வர்றது? நீங்க என்னைய என்னான்னு நெனைப்பீங்க?"

மாதேஸ்வரி களியைக் கையில் வைத்தபடியே அவளைப் பார்த்தாள். ரங்கம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தப்பாயித்து. பேசக் கூடாதில்ல" என்றாள்.

"நீங்க எங்க நடந்தத பேசினீங்க? நடக்காதத தானே பேசினீங்க" என்றாள் மாதேஸ்வரி. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். ரங்கம்மாவுக்கு எதற்கென்று புரிய வழக்கம்போல் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இத்தனை வாரமாக இரண்டு பேரும் ஒரே நடைமுறைக்குப் பின்னால், ஒரே பயத்தோடு, ஆளுக்கொரு ஊரில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். மாதேஸ்வரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் எல்லாமே சிரிப்பினால் வந்ததில்லை.

"சனிக்கெழம எத்தினி மணிக்கு வரணும், சம்பந்தியம்மா? மாலைக்குப் பூ நான் பாத்துக்கறன்" என்றாள் ரங்கம்மா.

"பொண்ணு வூட்டுக்காரங்க நேரத்தோட வரணும். போன வருசம் காப்பி ஆறிப்போச்சு" என்றாள் மாதேஸ்வரி. இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கிக்கொண்டாள். 

சாயங்காலம் ரங்கம்மா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். புளியமரத்துக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சு. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. பஸ் வரக் கொஞ்சம் நேரம் இருந்தது. மாதேஸ்வரிக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று சாப்பிட்டு எழுந்ததிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தாள். பேச்சில் கேட்க வழியில்லை.

"பஸ்சு வர்ற வரைக்கும் ஏதாவது பாடுங்க" என்றாள்.

ரங்கம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் பாட்டையே முதலிலிருந்து எடுத்தாள். யசோதை ஒவ்வொரு பலகாரமாகச் சொல்லி அழைத்தாள். கிருஷ்ணன் வருகிற வழியாக இல்லை. ஜால்ரா இல்லாததால் மாதேஸ்வரி தொடையில் மெதுவாகத் தாளம் போட்டாள். ஒவ்வொரு மூச்சும் அதே நீளம்தான், ஒரு இழை குறையவில்லை.

கடைசி அடிக்கு முந்தைய அடி முடிந்து ரங்கம்மா மூச்சு இழுத்தபோது பஸ் வந்து நின்றது. ரங்கம்மா பாடுவதை விட்டுவிட்டு, ஏறுங்கள் என்று கையைக் காட்டினாள். மாதேஸ்வரி அசையவில்லை. கண்டக்டர் படியில் நின்று, "ஓசூருதானம்மா? ஏறுங்க. அடுத்த வண்டி பொழுது போயித்தான்" என்றார்.

"நீங்க போங்க" என்றாள் மாதேஸ்வரி.

கண்டக்டர் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய், அதன் சத்தமும் ஓய்ந்த பிறகு ரங்கம்மா மறுபடி மூச்சு இழுத்துக் கடைசி அடியைப் பாடினாள். சாமியின் பெயர் வந்தது. குரல் அடங்கியது. மாதேஸ்வரி உடனே வாயைத் திறக்கவில்லை. தாளத்தை நிறுத்திவிட்டு ரங்கம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று ரங்கம்மா தலையை ஆட்டிய பிறகுதான் கோவிந்த நாமம் சொன்னாள்.